மணை கட்டிய மோட்டார் சைக்கிள்

என் அப்பா தோல் மேல் உட்கார மாட்டார். அதனால் என் மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் ஒரு பலா மணையை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தேன். இன்று இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கும் சிரித்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடுப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஊரின் வடக்குக் கோடியில், ஒரு சின்னச் சந்நிதியில் காலைக் கோஷ்டி. விடிவதற்கு முன்னால் குளித்து, மடிவேஷ்டி கட்டி, திருமண் இட்டுக்கொண்டு போய், நாலைந்து பெரியவர்களோடு நின்று பாசுரம் சேவித்துவிட்டு வருவார். என் அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு முன்பிருந்தே போகிறவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் கெட்ட பிறகும் போனார், ஆனால் நடை பாதியாகக் குறைந்துவிட்டது. குதிரை வண்டிக்குச் சேணமெல்லாம் தோல், அதில் மடியோடு ஏற மாட்டார். ரிக்‌ஷாவில் இன்னொரு மனிதன் பெடலை மிதித்துத் தன்னை இழுத்துப் போவதற்கு ஒப்ப மாட்டார். எதற்கும் ஒப்பாத மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த வண்டி வந்து சேர்ந்தது. பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகப் புறப்பட்டபோது விற்றுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் வண்டி. நான் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் உட்கார்ந்தால் ஆள் பார்க்க நன்றாக இருப்பான் என்பதுதான்.

அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டயர் ரப்பர்தானே, மரத்துப் பால், தோஷமில்லை என்றார். பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் பூமிக்குள்ளிருந்து வருவது, அதுவும் தோஷமில்லை. ஸீட் தோல். அதற்குத்தான் மணை. கடைசியில் கிரீஸுக்கு வந்தார். கிரீஸ் என்பது மாட்டுக் கொழுப்பு என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அதெல்லாம் இதுல இருக்கோ?"

"இருந்தா தொடைச்சுடலாம்ப்பா."

"தொடைச்சுட்டு விளக்கெண்ணெய் போடு. மாட்டு வண்டி அச்சுக்கு அதைத்தானே போடறா? அது ஓடலையா?"

மாட்டு வண்டி அச்சுக்கு அதைத்தான் போட்டார்கள், அது ஓடவும் செய்தது. கண்ணுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பின் பிரேக்கின் அச்சில் எண்ணெய் விடுவதற்கு ஒரு துவாரம் இருந்தது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் விளக்கெண்ணெய்ப் புட்டியிலிருந்து அதில் தாராளமாக விட்டேன். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுப்பது மாதிரி பக்தியோடு விட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

அப்படியாக ஒவ்வொரு விடியற்காலையும் அப்பா மணையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, என் தோளைத் தொடாமல் ஸீட்டுக்குக் கீழே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் குளித்திருக்க மாட்டேனே, என்னைத் தொட்டால் மடி போய்விடும். ஏறுவதற்கு முன்னால் தினம், "ஏறலாமா?" என்று கேட்பார். "ஏறலாம்ப்பா" என்பேன். சந்நிதி வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் மணையை அவிழ்த்து உள்ளே வைப்பது. ஆபீஸுக்கு மணையோடு போக எனக்கு வெட்கம். அப்பாவைப் பற்றி வெட்கம் என்று அப்போது எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மணையைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மார்கழி பிறந்தது. கோஷ்டியில் ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அப்பா ஆயுசு முழுக்கச் சேர்ந்துகொண்டே இருந்தவர். வழக்கமாக எடுத்துக் கொடுக்கிற பெரியவருக்குப் பங்காளி வீட்டுத் தீட்டு வந்துவிட, ஞாயிறு வரை இன்னொருவர் பார்த்துக்கொள்வார், திங்கட்கிழமை காலை நீர் எடுத்துக் கொடும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து வேறு ஒருவர் ஊரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு அந்த ஒரு நாள்தான்.

அப்பா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பிடும்போது இலைக்கு முன்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள். "இத்தனை வருஷமாச் சொல்றது, மறந்தா போயிடும்?" என்று அம்மா கேட்டதற்கு, "கூடச் சொல்றது வேற, ஆரம்பிக்கறது வேற" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காவிரிப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. சில நாட்களாகவே பிரேக் மிதியை அழுத்தினால் அது மேலே வர யோசித்துக்கொண்டிருந்தது. காலால் அடியிலிருந்து தூக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு மாட்டு வண்டிக்காக மிதித்தவன், மிதித்ததுதான். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கருகிய விளக்கெண்ணெய் வாசனை கிளம்பியது. பின்னால் திருச்சியிலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்தது. போதாக்குறைக்கு அன்று காலை அவசரத்தில் மணையை அவிழ்க்க மறந்திருந்தேன்.

பஸ் கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டி, "என்ன சாமி, மணை போட்டிருக்கு, மாப்பிள்ளையைக் காணோமே!" என்றார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலோரத்தில் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அழகாகத்தான் சிரித்தாள், அதனால் இன்னும் கூடுதலாக வலித்தது. பாலத்தின் ஓரம் கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பிரேக் அச்சின் பிடியைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் இளக்கி, மார்கழிக் குளிரில் வேர்க்க விறுவிறுக்க வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அப்பாவின் மேல்தான் கோபம். இந்த மனிதருக்காக ஊர் சிரிக்க வேண்டியிருக்கிறதே என்று வாய்விட்டே முணுமுணுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு அடி ஒண்ணும் படலையே?"

சனிக்கிழமை அவர் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து நடந்தே போனார். நேரத்துக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது முழங்கால் வீங்கியிருந்தது. அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "திங்கட்கிழமைக்குள்ள அந்தச் சனியனைச் சரி பண்ணு" என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். முடிந்ததும் பெரிய கடைவீதியில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். விளக்கெண்ணெய் என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அது நாள்பட்டால் பிசினாகிவிடும், பிரித்துக் கழுவி, அச்சில் துளி கிரீஸ் தடவிப் போட வேண்டும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூவில் மட்டும் படக் கூடாது என்றார். கிரீஸ் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் அதைத் தொடாமல் நின்றேன்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல கொழுப்பு ஏதாவது..."

கேட்டுவிட்டு எனக்கே உடம்பு கூசியது. அவர் கோபப்படவில்லை.

"தம்பி, நானும் இதே கேள்வியைத்தான் சப்ளை பண்றவருகிட்ட கேட்டேன். பன்னிக் கொழுப்பு கிடையாதுன்னு சொன்னாரு. அதை நம்பித்தான் தொடுறேன். மாட்டுக் கொழுப்பு உண்டா இல்லையான்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. எனக்கு வேண்டியதைத்தானே கேட்டேன்? செவ்வாய்க்கிழமை அவரு வருவாரு. கேட்டுச் சொல்லட்டுமா?"

"திங்கட்கிழமை காலையில வண்டி ஓடியாகணும் பாய்."

"அப்ப வீட்டுல அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க. பெரியவங்க விஷயம்."

சரி என்று தலையாட்டிவிட்டு டப்பாவைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்பா நடந்தேதான் போய் வந்தார். நான் அன்று முழுவதும் கொல்லையில் கிடந்தேன். அதுவரை நான் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. பிரேக் கம்பியை விலக்கி, சங்கிலியைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுப்பதற்குள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. சக்கரத்தின் டிரம்முக்குள் இருந்த பிரேக் தட்டு வரவே மாட்டேன் என்றது. கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டிக்கொண்டே இருந்ததில் ஒரு வழியாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே பார்த்தால், ரோட்டுப் புழுதியும் பிரேக் தூளும் என் விளக்கெண்ணெயும் சேர்ந்து ஆறிப்போன புளிக்காய்ச்சல் மாதிரி அப்பிக்கிடந்தது. ஷூக்களை விலக்கித் தள்ளுகிற அச்சு, அதன் குழலோடு ஒட்டியே போயிருந்தது. நான் ஞாயிறு தவறாமல் ஊற்றி ஊற்றிச் செய்த வேலை.

அதைவிட மோசமான ஒன்றையும் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில், குண்டுகள் உருளும் இடத்தில், பழைய கிரீஸ் மஞ்சளாகக் கெட்டியாக நிரம்பியிருந்தது. அந்த ரயில்வே கார்டு வைத்தது. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே நான் துடைத்திருந்தேன்? இத்தனை மாதமும் அப்பா அதன் மேல்தான் மடியோடு உட்கார்ந்து போயிருக்கிறார்.

அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அம்மா துணி உலர்த்த வந்தவள், "என்னடா?" என்றாள். காட்டினேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, முற்றத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லிண்டிருக்காதே. நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வரட்டும்" என்றாள்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இத்தனை மாதம் இருந்தது, இன்னும் ஒரு நாள் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். அச்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தட்டி எடுத்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன். பாய் சொன்னபடி துளி கிரீஸ் தடவினேன். ஷூக்களுக்கு நடுவே அந்த இரண்டு ஸ்பிரிங்கை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு ஸ்பிரிங் துள்ளித் துளசிச் செடிக்குள் போய் விழுந்தது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மிதித்தால் பிரேக் பிடிக்கவே இல்லை. பிடியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். மறுபடி பிரித்து, மறுபடி பூட்டினேன். வெயில் இறங்குகிற நேரத்தில் மிதித்தேன். சக்கரம் நின்றது. காலை எடுத்தேன். மிதி சட்டென்று மேலே வந்தது.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நானே ஒன்றைப் பிரித்து, நானே சரி செய்துவிட்டேன். கை நிறையக் கரியோடு உள்ளே ஓடி, "சரியாயிடுத்துப்பா! நாளைக்கு வண்டியிலயே போயிடலாம்" என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம்" என்று சொல்லி, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா குளித்து, புதிதாகத் துவைத்து உலர்த்திய பஞ்சகச்சம் கட்டி, பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பி வைத்திருந்தேன். மணையைப் புதுக் கயிற்றால் கட்டியிருந்தேன். என் நக இடுக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஹாண்டில் மேல் இருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏறலாமா?"

"ஏறலாம்ப்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். தினம் சொன்னதுதானே?

"அப்பா, கிரீஸ் போட்டிருக்கேன்."

"என்ன?"

"பிரேக்குல. நேத்திக்கு. அது என்ன கொழுப்புன்னு கடைக்காரருக்கே தெரியல. விளக்கெண்ணெய் ஒத்துக்கலப்பா."

சக்கரத்துக்குள் இருந்த பழைய கிரீஸைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. அதைச் சொன்னால் அத்தனை மாதக் கோஷ்டியும் அவருக்குப் போய்விடும். அதைப் பார்த்து மறைக்கத் தெரிந்தவனுக்கு இதையும் மறைக்கத் தெரியவில்லை. பொய்யை முழுசாகச் சொல்லவும் துப்பில்லை, உண்மையை நேரத்தோடு சொல்லவும் துப்பில்லை. முதல் நாள் சாயங்காலமே சொல்லியிருந்தால் அவர் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து நடந்து போயிருப்பார். அப்போதும் சொல்லாமல் இருந்திருந்தால் வண்டியில் போய் நேரத்துக்கு நின்றிருப்பார். இரண்டுக்கும் வழியில்லாத ஒரு நேரமாகப் பார்த்து நான் யோக்கியனானேன்.

அப்பா வேஷ்டி நுனியை விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, நடக்கறேன்" என்றார்.

வாசலில் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏன் என்று தெரியாமலே, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். நேற்று முழுக்கப் பாடுபட்டுச் சரி செய்த வண்டி. ஓடக்கூடிய வண்டி. அதை அவருடைய நொண்டி நடைக்குத் தகுந்தாற்போலத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் வேகமாக நடக்கப் பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் மூச்சை உள்ளே இழுத்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எங்களை நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. மணையைப் பற்றி அன்றைக்கு எனக்குத் துளி வெட்கமும் இல்லை.

சந்நிதித் தெருமுனைக்கு வந்தபோது உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன. ஆரம்பித்துவிட்டார்கள். பெருமாள் காரியம், யாருக்காகக் காத்திருப்பார்கள்? வேறு யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார். அப்பா ஒரு நொடி நின்றார். உதடு அசைந்தது, முதல் அடியைத் தனக்குள் சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு படியேறி உள்ளே போய், வரிசையின் கடைசியில், தூணோரமாக நின்று சேர்ந்துகொண்டார்.

நான் வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேர் குரலில் அப்பாவின் குரலை என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

எடுத்துக் கொடுக்கிற முறை அப்பாவுக்கு மறுபடி வரவில்லை. வேண்டுமென்று அவர் யாரையும் கேட்கவும் இல்லை. மறுநாள் பாய் அந்தச் சப்ளைக்காரரை விசாரித்து, கொழுப்பே சேராத கிரீஸ் ஒன்று இருக்கிறது என்று சொல்லி வாங்கியும் கொடுத்தார். சக்கரத்தையே பிரித்துக் கழுவி அதைப் போட்டேன். அப்பா மீண்டும் மணையில் உட்கார்ந்து கோஷ்டிக்குப் போனார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் கோஷ்டி முடிந்து, பிரசாதத் தொன்னையோடு படியிறங்கி வந்தார். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"ஆச்சு, இனிமே ஏறிக்கலாம். கிளப்பு" என்றார்.

மடிக் காரியம் முடிந்துவிட்டதால் அன்று கம்பியைப் பிடிக்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசித் திருப்பத்தில் ஒரு பசு கன்றோடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது.

"நன்னாப் பிடிக்கறதே" என்றார் அப்பா. "நீயேவா பண்ணினே?"

"ஆமாம்ப்பா."

"கெட்டிக்காரன்" என்று சொல்லித் தோளில் தட்டினார்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பசு போய்விட்டது. காலை எடுத்தேன், மிதி உடனே மேலே வந்தது.